பின் அட்டையில் ஒரு குடும்பம்

கேன்டீன் மேசையில் இருந்த சாம்பார் வாளியை ஓரமாக நகர்த்திவிட்டு, எங்கள் மேனேஜர் பிரகாஷ் சார் நாலைந்து வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் பரப்பினார். எல்லாம் கம்ப்யூட்டர் பத்திரிகைகள். வழவழவென்ற தாள். பெங்களூரில் ஏதோ பழைய புத்தகக் கடையில் அள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

"எல்லாரும் பாருங்கம்மா. நம்ம கம்ப்யூட்டருக்கும் இதே மாதிரி விளம்பரம் போடணும். கலர்ல. பேக பேக ஆகணும்," என்றார். அவர் கன்னடக்காரர். சந்தோஷம் வந்தால் 'சீக்கிரம்' என்பது அவர் வாயில் 'பேக' ஆகிவிடும்.

சால்டரிங் லைனில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற பெண்கள் எல்லோரும் சாப்பிட்ட கையோடு எட்டிப் பார்த்தோம். முதல் படத்தைப் பார்த்ததுமே என் பக்கத்து சீட்டு கௌரிக்குப் புரையேறிவிட்டது.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் சால்டரிங் புகையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, 'இந்தம்மா எப்போது பார்த்தாலும் ஃபேக்டரியைப் பற்றியே எழுதுகிறாரே, இவருக்குக் கல்யாணம் ஆயிற்றா இல்லையா?' என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கேட்டாரே, நல்ல கேள்வி. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் விளம்பரத்தைச் சொல்லாமல் என் கல்யாணப் பேச்சைச் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோட்டு போட்ட அப்பா

அந்தப் படங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு வீட்டு ஹால். நடுவில் டிவி. டிவிக்கு முன்னால் பட்டன்கள் வைத்த சின்னப் பெட்டி, நாங்கள் தினமும் செய்கிற மாதிரியே. அதன் முன்னால் அப்பா. வீட்டுக்குள்ளே கோட்டு, கழுத்தில் டை. பக்கத்தில் மகன், பல்லெல்லாம் தெரிகிறது. மகளுக்கும் பல்லெல்லாம் தெரிகிறது. பின்னால் அம்மா, கையில் பிஸ்கட் தட்டோடு. கீழே ஒரு நாய். அதுவும் டிவியைப் பார்த்துச் சிரிப்பது போலத்தான் இருந்தது.

"வூட்டுல எவனாவது டை கட்டினு உக்காருவானா?" என்றாள் கௌரி. "எங்கப்பா வூட்டுக்கு வந்தா சட்டையே போட மாட்டாரு."

இன்னொரு படத்தில் ஒரு பெண் பெட்டி வடிவக் கம்ப்யூட்டரை ஒரே கையில் தூக்கிக்கொண்டு, ஹீல்ஸ் செருப்போடு ஏர்போர்ட்டில் நடந்தாள். அந்த மாதிரிப் பெட்டி ஒன்று எங்கள் ஸ்டோரில் இருந்தது. தையல் மெஷின் கனம். இரண்டு பேர் பிடித்தால்தான் மேசைக்கு ஏறும். இவள் சிரித்துக்கொண்டே போகிறாள். இன்னொருவன் கடற்கரை மணலில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தான். வயரை எங்கே சொருகினான் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது சமையல் விளம்பரம்தான். ஒரு அம்மா அடுப்படியில் கம்ப்யூட்டர் வைத்து, அதில் சமையல் குறிப்பைப் பார்த்துக் குழம்பு கிண்டுகிறாள். எங்கள் மெஷினைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். அதை டிவியில் மாட்டி, டேப் ரிக்கார்டரில் கேசட் போட்டுத்தான் புரோகிராம் ஏற்ற வேண்டும். கீய்ங் கீய்ங் என்று கத்திக்கொண்டு மெதுவாக ஏறும். பாதியில் நின்றுபோனால் மறுபடி முதலிலிருந்து. ரசம் எப்படி வைப்பது என்று அதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தால், பக்கத்து வீட்டில் ரசம் வைத்து, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவி முடித்திருப்பார்கள்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் அடுத்த ஷிஃப்டுக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். பிரகாஷ் சாருக்குக் கோபம் வரவில்லை. "சிரிங்க, சிரிங்க. ஆனா இது தான் வேணும். அப்பா, அம்மா, பையன், பொண்ணு, நாய். அஞ்சும் வேணும்," என்றார்.

என் கதை அப்போது எங்கே நின்றது

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஓசூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் புதுக் கம்பெனிக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. அப்பா இறந்த பிறகு நானும் அம்மாவும் மட்டும்தான். என் சம்பளத்தில் வீடு ஓடியது.

குருபரப்பள்ளியில் ரோட்டோரம் டீக்கடை வைத்திருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு வரன் கொண்டுவந்தார். கிருஷ்ணகிரிப் பையன். பெயர் சேகர். மாம்பழக் கூழ் தயாரிக்கிற கம்பெனியில் வேலை. அவருக்கும் அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். ஆவணியில் பெண் பார்க்க வந்தார்கள்.

அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "சால்டரிங் பண்றப்போ கை சுடாதா?"

இதற்கு முன் வந்தவர்கள் எல்லோரும் சம்பளம் எவ்வளவு என்று கேட்டவர்கள். இவர் என் விரலைப் பார்த்துக் கேட்டார். எனக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆனால் கிருஷ்ணகிரியிலிருந்து பதில் வரவில்லை. புரட்டாசி பிறந்தது. அம்மா தினமும் சாயங்காலம் மாமாவின் வரவைப் பார்த்து வாசலில் நிற்பாள். 'வேணும்' என்றும் இல்லை, 'வேண்டாம்' என்றும் இல்லை. வேண்டாம் என்று மட்டும் வந்துவிடக் கூடாது என்று நானும் வேண்டிக்கொண்டிருந்தேன். வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அஞ்சும் கிடைத்த கதை

ஆயுத பூஜைக்கு மறுநாள் போட்டோ. இடம் பிரகாஷ் சார் குவார்ட்டர்ஸ். அம்மாவாக அவர் மனைவி நிற்பதாக ஏற்பாடு. கடைசி நேரத்தில் அந்தம்மா, "எங்க அத்தை பேப்பர்ல பாத்தா என்னைச் சும்மா விட மாட்டாங்க," என்று ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பட்டுப்புடவையை மட்டும் கதவைத் திறந்து நீட்டினார்.

அந்தப் புடவை எனக்குத்தான் பொருந்தும் என்று கௌரி சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் நான் கட்ட ஆரம்பித்துவிட்டேன். கலரில் என் முகம் அச்சில் வரப்போகிறது. தலைகால் புரியவில்லை. கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிற பெண் இன்னொருவன் பெண்டாட்டியாக நிற்கலாமா என்கிற யோசனை மருந்துக்குக்கூட வரவில்லை.

அப்பாவாக எங்கள் கம்பெனி வேன் டிரைவர் அன்வர் அண்ணன். கம்பெனியிலேயே வரிசையான பல் அவருக்குத்தான். பெண் குழந்தையாக அவருடைய மகள் ஷாகிரா. அவர் மனைவி நூர்ஜஹான் அக்கா கூடவே வந்து, எனக்குக் கொசுவம் மடித்துவிட்டு, "எம் புருஷனைப் பத்திரமா பாத்துக்க," என்று கன்னத்தில் இடித்தார். பையன் பிரகாஷ் சாரின் மகன். நாய், வாட்ச்மேன் வளர்த்த மணி.

வெளிநாட்டுப் படத்தில் ஹால் சுவரில் அடுப்பு மாதிரி ஏதோ எரிந்தது. அதற்கு எங்கே போவது? பொம்மை வைத்த ஷோகேஸை இழுத்து அந்த இடத்தில் நிறுத்தினோம். கார்ப்பெட்டுக்கு நூர்ஜஹான் அக்கா வீட்டு ஜமக்காளம். ஃபிளாஷ் அடித்தால் டிவியில் ஓடுவது படத்தில் விழாது என்று ஸ்டுடியோக்காரர் சொல்லிவிட்டார். சார்ட் பேப்பரில் அவரே ஸ்கெட்ச் பேனாவால் மேலே ஏறுகிற ஒரு கோடு வரைந்தார். காலியாக இருக்கிறதே என்று பக்கத்தில் ஒரு பூச்சாடியும் வரைந்து, டிவி திரையின் மேல் ஒட்டினார். ஆக, அந்தக் குடும்பமே கண் கொட்டாமல் பார்த்தது அந்தப் பூச்சாடியைத்தான்.

கோட்டும் டையும் பிரகாஷ் சாருடையவை. டை கட்டத் தெரிந்தவரும் அவர் ஒருவர்தான். தன் கழுத்தில் கட்டி, கழற்றி, அன்வர் அண்ணன் தலை வழியாக மாட்டி இறுக்கினார். குந்தாரப்பள்ளி சந்தையில் மாட்டுக்குக் கயிறு மாட்டுகிற மாதிரிதான் இருந்தது. "சார், மூச்சு," என்றார் அன்வர் அண்ணன். "போட்டோ ஆன பின்னாடி மூச்சு விடுங்க," என்றார் சார்.

நான் பின்னால் ஜாம் பன் தட்டோடு நின்றேன். அன்வர் அண்ணன் பசி தாங்காமல் அதில் ஒன்றை எடுத்துக் கடிக்க, ஜாம் டையில் ஒழுகியது. யாரும் கவனிக்கவில்லை. மேசைக்குக் கீழே இருந்த மணி கவனித்தது.

"யாரும் அசையக் கூடாது. ஒண்ணு, ரெண்டு," என்றார் ஸ்டுடியோக்காரர். மணி டையின் நுனியைக் கவ்வி இழுத்தது. அன்வர் அண்ணன் முகம் மெல்ல மெல்ல கீழே இறங்கி, மூக்கு பட்டன்களைத் தொடப் போயிற்று. அசையக் கூடாது என்று சொன்னதற்காக மனுஷர் சிரித்த வாயை மூடவே இல்லை. அவ்வளவுதான், நான் வெடித்துவிட்டேன். தட்டில் பன் உருண்டது. பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். ஃபிளாஷ் அடித்தது.

எடுத்த படங்களிலேயே அதைத்தான் சார் தேர்ந்தெடுத்தார். நாய் அதில் தெரியாது. கம்ப்யூட்டரை ஆசை ஆசையாகக் குனிந்து பார்க்கிற அப்பா, பூரித்துப்போன அம்மா, துள்ளுகிற பிள்ளைகள். கீழே கொட்டை எழுத்தில், 'கம்ப்யூட்டர் வந்தது, குடும்பமே குதூகலம்!'

சிவப்பு பட்டன்

தீபாவளி நேரத்தில் ஒரு வார இதழின் பின் அட்டையில் வந்தது. கம்பெனியே கொண்டாடியது. நான் அட்டையில் என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். மூன்றாம் நாள், முன்பே மெஷினுக்குப் பணம் கட்டியிருந்த ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தார்.

"நீங்க அனுப்பின மெஷின் வந்துடுச்சுங்க. ஆனா விளம்பரத்துல நடுவுல செவப்பா ஒரு பட்டன் இருக்குதுங்களே, என்ற மெஷின்ல அதைக் காணமுங்க."

அடுத்து மதுரையிலிருந்து அதே கேள்வி. அந்தச் சிவப்பு பட்டனை அழுத்தினால் என்ன ஆகும் என்று சேலத்துக்காரர் ஒருவர் கேட்டார். சர்வீஸ் ஆட்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். அப்படி ஒரு பட்டனே எங்கள் மெஷினில் கிடையாது. கடைசியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. போட்டோவுக்கு முந்தின நாள் ஆயுத பூஜைக்கு லைனில் இருந்த மெஷினுக்கெல்லாம் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தோம். அதில் ஒன்றைத்தான் அப்படியே தூக்கிக்கொண்டு போட்டோவுக்குப் போயிருக்கிறோம். அத்தனை பேர் சுற்றி நின்றும் ஒருவர் கண்ணுக்கும் அது உறுத்தவில்லை. பூஜை போட்ட மெஷின் பொட்டோடுதானே இருக்கும்?

பிரகாஷ் சார் அசரவில்லை. "அடுத்த மாடல்ல அந்த பட்டன் வரும்னு சொல்லுங்க," என்றார்.

அன்று சாயங்காலம் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மாமா உட்கார்ந்திருந்தார். கையில் அந்த இதழ். அம்மாவின் கண் சிவந்திருந்தது.

"ஏன் வசந்தா, இது நீதானே?" என்றார் மாமா. "கடையில டீ குடிக்க வந்த லாரி டிரைவருங்க எல்லாம், உங்க அக்கா பொண்ணுக்கு எப்போ கல்யாணம் ஆச்சு, ரெண்டு புள்ளைங்க எப்போ பொறந்துச்சுன்னு கேக்கறானுங்க. நான் என்னா சொல்றது?"

"கிருஷ்ணகிரியில பாத்திருப்பாங்களா?" என்று கேட்டேன்.

"பாத்துட்டாங்க. ஞாயித்துக்கெழமை பொண்ணையும் அம்மாவையும் கூட்டினு வான்னு பையனோட அம்மா சொல்லி அனுப்பிருக்குது. வேற ஒரு வார்த்தை சொல்லல."

"அச்சுல ஒருத்தனுக்குப் பொண்டாட்டியா வந்துட்ட. இனிமே எவன் கட்டுவான்?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வேறு எவனும் கட்டாமல் போகட்டும், எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. விரல் சுடாதா என்று கேட்ட அந்த ஒருவர் கை நழுவிப் போகிறாரே என்றுதான் எனக்கு அழுகை வந்தது. அன்று வாய்விட்டு அழுதேன்.

குடும்பத்தோடு பஸ் ஏறினோம்

விஷயம் கேட்டதும் நூர்ஜஹான் அக்கா இடுப்பில் முந்தானையைச் செருகினார். "நாங்களும் வர்றோம். நெஜப் பொண்டாட்டி நான் போயி நின்னா எவ என்னா பேசுவா?"

இப்படியாக, நாங்கள் குடும்பம் இல்லை என்று நிரூபிக்க, பின் அட்டைக் குடும்பம் கிட்டத்தட்ட முழுசாகவே கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறியது. பிரகாஷ் சார் மகனும் நாயும்தான் பாக்கி. கூட என் அம்மா. ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் என்று மாமா நழுவிவிட்டார்.

கூட்டம் நெரிந்தது. சூளகிரியில் ஒருவர் இரண்டு சேவல்களோடு ஏறினார். ஷாகிரா என் மடியில். அன்வர் அண்ணன் எங்கள் சீட்டை ஒட்டி நின்றிருந்தார். கண்டக்டர் என்னையும் அவரையும் குழந்தையையும் பார்த்துவிட்டு, "உன் சம்சாரத்தைக் கொஞ்சம் நகந்து உக்காரச் சொல்லுப்பா," என்றார்.

"கண்டக்டரே," என்று பின்னால் இருந்து நூர்ஜஹான் அக்கா குரல் கொடுத்தார். "அவருக்கு நெஜ சம்சாரம் நானு. அது புக்கு சம்சாரம்."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அன்வர் அண்ணன் கம்பியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். அவ்வளவு பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. என்னை என்ன செய்வது, சொல்லுங்கள்.

எது நிஜம்?

சேகரின் அம்மா மண்டியில் மாங்காய் தரம் பிரிக்கிற பெண்களுக்கு மேற்பார்வை பார்த்தவர். ஆளைப் பார்க்கிற பார்வையே பழத்தை அழுத்திப் பார்ப்பது போல இருக்கும். எங்கள் எல்லோரையும் பாயில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, அந்த இதழை எடுத்து நடுவில் வைத்தார். சேகர் சுவரோரம் நின்றார். என் பக்கம் பார்க்கவில்லை.

அன்வர் அண்ணன் தொண்டையைச் செருமினார். "அம்மா, இது சும்மா விளம்பரத்துக்கு எடுத்ததுங்க. அந்தக் கோட்டு என்னுது இல்ல. புடவை அந்தப் பொண்ணுது இல்ல. வூடு மேனேஜருது. டிவியில ஓடுறது வெறும் பேப்பருங்க."

"இவங்க எனக்குப் போட்டோ அம்மா," என்றாள் ஷாகிரா. "நெஜ அம்மா அடிப்பாங்க."

அந்தம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "விளம்பரம்னா என்னான்னு எனக்குத் தெரியாதா?" என்றார். "நான் கூப்புட்டது அதுக்கில்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கி நீ தலையத் தூக்கல. உம்முனு இருந்த. இவன் அப்பா போனதுல இருந்து இந்த வூட்டுல நானும் இவனும் மூஞ்சிய மூஞ்சிய பாத்துனு சாப்புடறோம். பேச்சுக் கெடையாது. இன்னொரு உம்மணாமூஞ்சி வந்து நாங்க என்னா பண்றது? அதான் பதில் சொல்லாம தள்ளிப் போட்டுனு இருந்தேன். இவன் தெனமும் கேட்டுனு தான் இருந்தான்."

"நாந்தாங்க சிரிக்கக் கூடாதுன்னு சொல்லி வெச்சேன்," என்றாள் என் அம்மா, பாதிக் குரலில்.

அந்தம்மா அட்டைப் படத்தில் என் முகத்தின் மேல் விரலை வைத்தார். "எல்லாம் பொய்யின்னு சொல்றீங்க. கோட்டு பொய்யி, வூடு பொய்யி, புருஷன் பொய்யி. இந்தச் சிரிப்பு? இதுவும் போட்டோவுக்குத்தானா?"

எல்லாம் பொய் என்று சொல்லத்தான் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். இப்போது ஒன்று மட்டும் நிஜம் என்று சொல்ல வேண்டும். சேகர் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

சொன்னேன். ஜாம் ஒழுகியதை, மணி கவ்வியதை, அன்வர் அண்ணன் மூக்கு இறங்கி இறங்கிப் பட்டன் வரைக்கும் போனதை. சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அன்வர் அண்ணன் பாவம், எழுந்து நின்று எப்படிக் குனிந்தேன் என்று செய்தே காட்டினார். நான் அன்றைக்குச் சிரித்த மாதிரியே, பாயில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். முதலில் சுவரோரத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சேகர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பிறகு அந்தம்மாவின் தோள் குலுங்கியது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அவர் வெகு நேரம் குலுங்கினார். அது சிரிப்பு மட்டும்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முந்தானையை எடுத்தபோது அவர் முகம் ஈரமாக இருந்தது.

"சேகரு," என்றார், என்னைப் பார்த்தபடியே. "அந்தக் காலண்டரை எடுத்துனு வா. தையில நல்ல நாள் எதுன்னு பாக்கலாம்."

சேகர் சிரிப்பை அடக்க முடியாமல் காலண்டர் எடுக்கப் போய், கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டார்.